இருமுறை அழுத்தவும்

மேல்பெட்டி இறங்கியபோது மோல்டரின் இடது கை கீழ்ப்பெட்டியின் விளிம்பில் இருந்தது.

நான் பவுண்டரியின் மணல் சோதனை அறையில் இருந்தேன். உருகிய இரும்பை ஊற்றி வார்க்க, இரண்டு பெட்டிகளில் மணலால் அச்சு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக மூடுவது மோல்டரின் வேலை. ஐம்பது கிராம் மணலை விளக்கின் கீழ் வைத்துவிட்டு, ஈரம் உலரும்வரை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். மோல்டரின் வாய் அகலத் திறந்திருந்தது. அவர் வேலை செய்யும்போது பாடிக்கொண்டே இருப்பவர். பாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அவர் மண்டியிட்டார். கை மட்டும் மேலேயே நின்றது.

"தூக்கு! தூக்குடா டேய்!"

கிரேன் சங்கிலி இறுகியது. மணலும் இரும்புமாக இருநூறு கிலோ எடையுள்ள பெட்டி மெதுவாக எழுந்தது. மோல்டர் கையை இழுத்துக்கொண்டார். மூன்று விரல்கள் கையோடு சரியாக வரவில்லை. கறுப்பு மணலில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. ஈரமாகத்தான் தெரியும். அந்த ஈரம் ஒரு தட்டு அளவுக்குப் பரவுவதைப் பார்த்தேன்.

கிரேனை இயக்கியது என் அண்ணன்.

அவன் தூணருகே கையில், கிரேனை இயக்கும் போனுடன் நின்றிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் எப்போதுமே ஒன்றும் இருக்காது. பவுண்டரியில் அவனுக்கு ஊமையன் என்று பெயர். பேச வராது என்பதல்ல, பேசமாட்டான். படிப்பு முடிந்து நானும் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தபோது, "ஊமையனுக்குத் துணையா ஒரு ஊமைச்சி வந்துட்டாப்பா" என்று சிரித்தார்கள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

இரும்பு உருக்கும் உலையைப் பார்த்துக்கொள்பவர் மோல்டரின் தம்பி. உலைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கசடு வாரும் நீளக் கம்பியைக் கீழே போடாமலே ஓடி வந்தார். அண்ணனின் கையைப் பார்த்தார். அது அவருடைய அண்ணன். பிறகு என் அண்ணனைப் பார்த்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது. காய்ந்த கட்டி உடைவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது அடியைத் தடுக்க என் அண்ணன் கையைத் தூக்கப் பார்த்தான். வலது கை தூக்க வரவில்லை. அடி காதோரம் விழுந்தது. போன் மணலில் விழுந்தது. மூன்றாவது அடி முழங்காலுக்கு. விழுந்தவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடினார்கள். நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். வார்ப்புகளைத் தேய்க்கும் கிரைண்டர்காரர் பூட்ஸ் காலால் அவன் விலாவில் உதைத்தார். போன வாரம்தான் அவர் மழைக்கு அண்ணனிடம் குடை இரவல் வாங்கிப் போயிருந்தார்.

"வேணும்னே பண்ணிருக்கான்! காலைல சொன்னான்ல? கேட்டீங்கல்ல எல்லாரும்?" உலைக்காரரின் குரல் கிழிந்திருந்தது.

கேட்டிருந்தார்கள். நானும் கேட்டிருந்தேன். மோல்டர் தினமும் செய்வதுபோல இன்று காலையும் அண்ணனைச் சீண்டினார். "டேய் ஊமையா, அந்தக் கிரேன்கூட கிறீச்சுன்னு ஒரு வார்த்தை பேசுது. நீ எப்படா பேசுவ? உன்னைப் பெத்தாங்களா, இல்ல வார்த்தாங்களா?" யாரோ ஒருவர், "வார்த்ததுதான். அச்சுல வாய் வைக்க மறந்துட்டாங்க" என்றார். அண்ணன் மோல்டரின் கரண்டியைப் பிடுங்கி மணல் குவியலில் வீசினான். "ஒரு நாள் இருக்கு உனக்கு" என்றான். ஒரு மாதத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அது.

இப்போது தரையிலிருந்து இரண்டு வார்த்தை பேசினான்.

"நான் இறக்கல."

"நீ இறக்கலன்னா உங்கப்பனாடா வந்து இறக்கினான்? போன் உன் கைலதான இருந்துச்சு?"

"நான் இறக்கல."

வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தைகள் குழைந்து வந்தன. நான்காவது அடி அந்த வாயில் விழுந்தது.

சூப்பர்வைசர் மோல்டரின் கையைத் துணியால் சுற்றி, இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வேனில் ஏற்றினார். தானும் ஏறும்போது திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "முதலாளிக்குச் சொல்லியாச்சு. போலீஸக் கூட்டிட்டு வர்றாரு. அதுவரைக்கும் அவனை விட்டுடாதீங்க!"

அவர் சொன்னது பிடித்து வையுங்கள் என்று. இவர்களுக்குக் கேட்டது வேறு.

அண்ணனை இரண்டு கால்களையும் பிடித்து இழுத்துப் போனார்கள். வார்ப்பின் உள்ளே வைக்கும் மணல் கட்டிகளைக் கோர் என்போம். அதைச் சுட ஒரு செங்கல் அறை உண்டு. ஆள் நிற்கிற உயரம். இரும்புக் கதவு. வெளியே டீசல் பர்னர். அன்று இன்னும் பற்ற வைக்கவில்லை. அதற்குள் அவனைத் தள்ளித் தாழ் போட்டார்கள்.

உலைக்காரர் பர்னரின் எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் கம்பி. கையில் அவருடைய போன்.

"ஆஸ்பத்திரிலருந்து போன் வரட்டும்" என்றார். "விரலு பொழைச்சுக்கிச்சுன்னா போலீஸ்கிட்ட விட்டுடறேன். போச்சுன்னு சொன்னாங்கன்னா..." கம்பியால் டீசல் வால்வை இரண்டு தட்டுத் தட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. கோர் செய்கிற அக்கா மட்டும் கையில் ஒட்டிய மணலோடு எழுந்து வந்தார்.

"என்னப்பா பேசற நீ? மனுசனை வச்சு சுடற அடுப்பா இது?"

"உங்க கோரை இன்னைக்கு வேற எங்கயாச்சும் சுட்டுக்கோங்கக்கா. அடுப்பு இன்னைக்கு எனக்கு."

"உங்கண்ணன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"அவரு கை இருந்தா கேப்பாரு."

நான் அறையிலிருந்து தூண் வரை வந்துவிட்டேன். "அண்ணே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. 

உலைக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீ உள்ள போ. பொண்ணாச்சேன்னு பாக்கறேன்."

உள்ளே போகத் திரும்பியபோது காலில் தட்டுப்பட்டது கிரேன் போன். எடுத்தேன். கண்ணாடியில் அண்ணனின் கட்டைவிரல் ரேகை மணலும் ரத்தமுமாகப் பதிந்திருந்தது. அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, மேலங்கியின் ஓரத்தால் துடைத்து, திரையை எழுப்பினேன். கிரேன் ஆப் திறந்தபடி இருந்தது. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரை முழுவதும் ஒரு வண்ணச் சக்கரம் வந்து சுழன்றது. வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

முந்தாநாள், சனிக்கிழமை, நான் ஒழித்துக்கட்டியதாக நினைத்த விளம்பரம்.

கிரேனுக்கு முன்பு ஒயரில் தொங்கும் ரிமோட் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒயர் அறுந்தது. முதலாளி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கிரேனில் பொருத்திவிட்டு, வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றைக் கொடுத்தார். போனில் ஓர் ஆப். இடது மேல்மூலையில் 'மேலே'. வலது மேல்மூலையில் 'கீழே'. அடியில் சிவப்பாக 'நில்'. ஒருமுறை தொட்டால் போதும், 'நில்' தொடும்வரை கிரேன் போய்க்கொண்டே இருக்கும்.

பொதுப் போன் என்றால் பொதுக் கழிப்பறை மாதிரி. இடைவேளையில் ஆளாளுக்கு எதையாவது ஏற்றிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு முன் விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. பெட்டி அந்தரத்தில் தொங்கும்போதுகூட வரும். வலது மேல்மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை ஒருமுறை தொட்டால் மூடாது. அதே இடத்தில் இன்னொரு பெருக்கல் குறி முளைக்கும். அதையும் தொட்டால்தான் ஒழியும். ஒருமுறை தொட்டுவிட்டுப் பலரும் திணறியதால் சூப்பர்வைசர் என்னிடம், "உன் கையெழுத்து நல்லாருக்கும், ஒரு சீட்டு எழுதி ஒட்டிடும்மா" என்றார்.

எழுதினேன். 'விளம்பரம் வந்தால் பெருக்கல் குறியை இருமுறை அழுத்தவும்.' தூணில், போன் தொங்கும் ஆணிக்கு மேலே ஒட்டினேன். இந்தப் பவுண்டரியில் என் சொல்லை எல்லோரும் கேட்டது அந்த ஒன்றில்தான். இரண்டு மாதத்தில் எல்லாருடைய கட்டைவிரலுக்கும் அது பழகிவிட்டது. டக்டக்.

"இதை எடுத்துடு" என்று அண்ணன் ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினான். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் கடத்தினேன். சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, டார்ச் ஆப் ஒன்று காரணம் என்று கண்டுபிடித்து நீக்கினேன். கிரேன் ஆப்பைத் திறந்து அரை நிமிடம் பார்த்தேன். விளம்பரம் வரவில்லை. "போயிடுச்சுண்ணா" என்றேன். தலையாட்டினான். ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் இதற்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

இப்போது சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. என் கட்டைவிரல் தானாக மூலைக்குப் போனது. டக்டக்.

வெளியே சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிரேன் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. 'நில்' தொட்டேன். நின்றது.



டார்ச்சின் விளம்பரம் இரண்டு தொடலில் மூடுவது. இது வேறு விளம்பரம், ஒரே தொடலில் மூடிவிட்டது. இரண்டாவது தொடல் விளம்பரத்தின் மேல் விழவில்லை. அதன் பின்னால், அதே வலது மேல்மூலையில் இருந்த 'கீழே'யின் மேல் விழுந்திருக்கிறது. பெட்டிக்கும் மோல்டரின் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒன்றரை வினாடி.

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

 மேஜையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்தேன். போனை அணைத்து எழுப்பிக் காத்திருந்தேன். நாற்பது வினாடியில் சக்கரம் வந்தது. மறுபடி செய்தேன். நாற்பத்தொன்று. மறுபடி. நாற்பது. சனிக்கிழமை நான் பார்த்தது முப்பது வினாடி. டார்ச் இருந்தவரை அதன் விளம்பரம் முந்திக்கொண்டு இதை மறைத்திருக்க வேண்டும்.

அமைப்புகளுக்குள் போனேன். மற்ற ஆப்களின் மேல் தோன்ற அனுமதி பெற்றவை என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சூடு அளக்கும் ஆப். முகப்புத் திரையில் அதன் படமே இல்லை.

அது யாருடையது என்று பவுண்டரிக்கே தெரியும். உலையின் வெப்பமானி கெட்டுப்போயிருந்த நாளில் உலைக்காரர் கிரேன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கேமராவைக் காட்டினாப் போதும், உருக்கு எத்தனை டிகிரின்னு சொல்லிடும்" என்றார். உருகிய இரும்பைக் காட்டினார். முப்பத்தேழு என்றது. கோர் அக்காவின் நெற்றியைக் காட்டினார். முப்பத்தேழு. "அப்ப என்னையும் அச்சுல ஊத்திடு" என்று அக்கா சொல்ல, பவுண்டரியே சிரித்தது. உலைக்காரர் வெட்கப்பட்டு அங்கேயே விரலால் அதன் படத்தை இழுத்துத் திரையிலிருந்து எடுத்தார். "தூக்கிட்டேன், போதுமா?" என்றார்.

படத்தை எடுத்திருந்தார். ஆப்பை எடுக்கவில்லை.

நான் பாதி எடுத்தேன். அவர் பாதி எடுத்தார். நடுவில் ஒரு கை மாட்டிக்கொண்டது.

'நீக்கு' என்ற பொத்தான் திரையில் இருந்தது. சனிக்கிழமை நான் தேடாமல் விட்டது. தொட்டால் போய்விடும். தொட்டால் அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். தொடாமல் கிரேன் ஆப்புக்கே திரும்பினேன்.

வெளியே வந்தபோது உலைக்காரர் அதே இடத்தில் இருந்தார். கோர் அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. ஒரு கையால் தட்டுகிற, நடுவே நின்று நின்று வருகிற சத்தம்.

கோர் அக்காவிடம் போனேன். "அக்கா, மோல்டரோட இன்னொரு கையுறை எங்க இருக்கு?"

"இப்ப எதுக்குடி அது?"

"வேணும்கா."

என் குரலில் என்ன இருந்ததோ, அக்கா வேறு கேட்கவில்லை. கையுறையைக் கொண்டுவந்து தந்தார். ஐந்து விரல்களிலும் ஈரமணலைத் திணித்தேன். கட்டைவிரலால் நன்றாக இடித்துத் திணித்தேன். சோதனைக்கு மணலைக் கெட்டிப்படுத்துவதும் என் வேலைதான். கீழ்ப்பெட்டியிடம் போனேன். ரத்தம் உறைந்த அதே விளிம்பில், அதே இடத்தில், அந்தக் கையை வைத்தேன். கிரேனால் பெட்டியைத் தூக்கி, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினேன். அதற்குள் எல்லோரும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"என்ன பண்ற நீ?" என்றார் கிரைண்டர்காரர்.

திரையை அணைத்தேன். மறுபடி எழுப்பினேன். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். உலைக்காரரிடம் போய்ப் போனை நீட்டினேன். பத்து.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க."

"என்னது?"

"கிரேனை. நீங்க ஓட்டுங்க. பெட்டியை இறக்காம அப்படியே வச்சிருங்க. அது போதும்." பதினைந்து.

"வெளையாடறியா? உங்கண்ணனைக் காப்பாத்த வித்தை காட்டறியா?"

"ஆமாண்ணே."

அவர் எழுந்தார். கம்பியும் எழுந்தது. என் கால்கள் பின்னால் போக விரும்பின. இருபத்திரண்டு. "உங்கண்ணன் கையை யாரு நசுக்கினதுன்னு பாக்கணும்னா வாங்கிக்கோங்க" என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

கோர் அக்கா பின்னாலிருந்து, "வாங்கித்தான் பாரேன்பா. பொட்டப்புள்ள குடுக்கறதை வாங்கறதுக்குப் பயமா?" என்றார்.

வாங்கினார். இடது கையில் கம்பி, வலது கையில் போன். முப்பத்தொன்று. திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் கீழே கையுறையைப் பார்த்தபோது அவர் தாடை இறுகியது.

"இறக்காம வச்சிருக்கேன். அதுக்கென்ன இப்ப?"

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

அவர் கண்ணில் சக்கரத்தின் வெளிச்சம் விழுந்தது. "சை, இது வேற" என்றார். கட்டைவிரல் மூலைக்குப் போனது.

டக்டக்.

சங்கிலி ஓடியது. அவர் தலையைத் தூக்குவதற்குள் பெட்டி இறங்கிவிட்டது. கையுறை வெடித்தது. தையல் பிரிந்து விரல்களிலிருந்து கறுப்பு மணல் பிதுங்கித் தரையில் கொட்டியது. ஒரு விரல் மட்டும் முழுசாக உருண்டு வந்து கிரைண்டர்காரரின் பூட்ஸ் அருகே நின்றது.



"நான் இறக்கல" என்றார் உலைக்காரர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

நான் சொன்னேன். முதலில் சீட்டைப் பற்றிச் சொன்னேன், அது என் கையெழுத்து என்று. பிறகு நான் நீக்கியதையும் நீக்காமல் விட்டதையும் சொன்னேன். ஒருமுறை, இருமுறை என்று விரலால் காட்டினேன். கடைசியில்தான் சூடு அளக்கும் ஆப்பின் பெயரைச் சொன்னேன். அதற்குள் அவர் கம்பியைக் கீழே போட்டிருந்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்டது. உலைக்காரர் "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். "மூணுமா?" என்றார். போனைப் பையில் போட்டார்.

எல்லோரும் டீசல் வால்வைப் பார்த்தோம். கோர் அக்கா அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். தேவைப்படவில்லை. உலைக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூணிடம் போய் என் சீட்டைப் படித்தார். தினமும் பார்த்த சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு என்னருகே வந்து மெல்லிய குரலில் பேசினார். கிரேன் போன் இப்போது மறுபடி என் கையில் இருந்தது.

"பாப்பா. அதை அழிச்சிடு."

"எதைண்ணே?"

"அந்த ஆப்பை. நான் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். உன் பேரும் வேணாம், என் பேரும் வேணாம். எங்கண்ணன் கண்ணு முழிச்சா நான் என்னன்னு சொல்லுவேன்? கிரேன் ரிப்பேருன்னு சொல்லிடுவோம்."

ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் போலீஸிடம் என் பெயரே வராது. நான் மணலை எடை போட்டுக்கொண்டிருக்கலாம்.

கோர் அறைக்குள் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"அப்புறம் யாருண்ணே இறக்கினது?" என்றேன். "போலீஸ் கேட்டா?"

அவர் என்னை அறைந்தார்.

காது குப்பென்று அடைத்தது. கண் திறந்தபோது தூணில் சாய்ந்திருந்தேன். போன் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பிடுங்கினார். நான் விடவில்லை. "குடுடி! உலைல போட்டுடறேன், எல்லாத்துக்கும் ஒரே முடிவு!" என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். அது போகக்கூடாத தூரம் போயிற்று. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். மணலும் உப்பும் இரும்புமாக இருந்தது. பல் உள்ளே இறங்கும்வரை கடித்தேன். அவர் கத்தினார். இன்னொரு கையால் என் தலையில் குத்தினார். ஒன்று, இரண்டு. நான் வாயை எடுக்கவில்லை.

"விடுப்பா! ஏய், விடுடா அவளை!"

இழுத்துப் பிரித்தது கிரைண்டர்காரர். உலைக்காரரைப் பின்னாலிருந்து இரு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். உலைக்காரர் கொஞ்ச நேரம் திமிறினார். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்து, கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார். "எங்கண்ணனுக்கு மூணு விரலு போச்சே" என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கோர் அக்கா தாழைத் திறந்தார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு தோள் மற்றதைவிடக் கீழே இருந்தது. உதடு கிழிந்து, முன்பல் இரண்டு இல்லை. என்னைப் பார்த்தான். என் வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"நான் இறக்கல" என்றான்.

"நீதான் இறக்கினண்ணா" என்றேன். "வேணும்னு இறக்கல. நான் சொல்லிக் குடுத்தபடி ரெண்டு தடவை அழுத்தின."

அவன் தூணைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். தன் கட்டைவிரலைத் தூக்கி முகத்துக்கு எதிரே வைத்து, யாருடையதோபோல அதைப் பார்த்தான். பிறகு நான் எதிர்பார்க்காததைச் செய்தான். நொண்டிக்கொண்டே போய், கீழ்ப்பெட்டியின் பக்கத்தில், மணலில் பரவியிருந்த அந்த ஈரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டான். அழுதானா என்று தெரியவில்லை. அவன் முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது.

வெளிக்கேட்டில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. முதலாளியின் குரலும், இன்னும் இரண்டு பேரின் பூட்ஸும்.

என் சுண்டுவிரல் வீங்கிப் பக்கவாட்டில் நின்றது. மற்ற நான்கு விரல்களால் போனைப் பிடித்திருந்தேன். இழுபறியில் திரை அணைந்து எழுந்திருக்க வேண்டும். நாற்பது வினாடி ஆகியிருக்கிறது. சக்கரம் வந்துவிட்டது. வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள். வலது மேல்மூலையில் பெருக்கல் குறி.

என் கட்டைவிரல் தானாக அங்கே போயிற்று. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். விளம்பரத்தை மூடாமல், திரையை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தபடி, வாசலுக்கு நடந்தேன்.